பல்லியின் வாயால்

ஒரு கதைக்கு எனக்குக் கிடைப்பது ஏழு நிமிடம். சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்குகிறவர்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் காலையில் ஏகாம்பரநாதர், அடுத்து காமாட்சி, நடை சாத்துவதற்குள் வரதராஜர், பிறகு சாப்பாடு, கடைசியாகச் சேலைக் கடை. இதற்கு நடுவில் நிழல் பார்த்து நிறுத்தி, தண்ணீர் பாட்டில் கை மாறி, குழந்தைகளை எண்ணி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மிச்சம் இருப்பதில்தான் கைடு பிழைக்க வேண்டும்.

நான் பெரிய காஞ்சிபுரத்துக்காரன். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்தவன். அப்பா கோர்வைச் சேலை நெய்தார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் நாடாக்கள் மூன்று ஓடும். ஒரு ஆளால் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா கொடுக்க ஒரு பையன் வேண்டும். அந்தப் பையன் நான். எனக்குக் கை ஓடியதைவிட வாய் அதிகம் ஓடியதால் தறியை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எங்கள் ஊரில் பிராணிகளுக்குப் பஞ்சமில்லை. நெல்லுக்காரத் தெருவில் கச்சபேசுவரர். அங்கே ஆமை உருவில் விஷ்ணு சிவனைக் கும்பிடுகிறார். அட்டபுயகரத்தில் கஜேந்திரன் கதை. அந்த யானை அகத்தியர் சாபம் பட்ட இந்திரத்யும்ன ராஜா, அதன் காலைக் கவ்விய முதலை தேவலர் சாபம் பட்ட கந்தர்வன். ஆனால் வேனில் வருகிறவர்கள் யாரும் ஆமையையும் யானையையும் கேட்டு வருவதில்லை. இறங்கியதும் முதல் கேள்வியே, "அந்தப் பல்லி எங்க சார்?"

பல்லி இருப்பது சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலில். தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிருங்கிபேரர் என்ற முனிவரின் இரண்டு மகன்கள் கௌதமரிடம் சீடர்களாக இருந்தார்கள். பூஜைக்கு அவர்கள் கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி கிடந்தது. செத்துக் கிடந்தது என்பார்கள், துள்ளி வெளியே குதித்தது என்றும் சொல்வார்கள். கௌதமர் இரண்டு பேரையும் பல்லியாகச் சபித்தார். காஞ்சி வரதனிடம் போங்கள், விமோசனம் கிடைக்கும் என்றார். வந்தார்கள், தவம் இருந்தார்கள். பெருமாள் மோட்சம் கொடுத்தார்: உங்கள் உயிர் வைகுண்டம் போகும், உடம்பு பல்லியாகவே எனக்குப் பின்புறம் இருக்கும், என்னைப் பார்க்க வருகிறவர்கள் உங்களையும் பார்த்தால் தோஷம் நீங்கும், இதற்குச் சூரியனும் சந்திரனும் சாட்சி. அதனால்தான் விதானத்தில் தங்கப்பல்லி, வெள்ளிப்பல்லி, பக்கத்தில் சூரிய சந்திரர். இந்திரன் சரஸ்வதியின் சாபம் நீங்கிய நன்றிக்கு இவற்றை வைத்தான் என்று இன்னொரு கதையும் உண்டு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் கதையை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே ரகம். "தொட்டா என்ன பலன்?" "எந்தக் கையால தொடணும்?" "போன வாரம் எனக்கு இடது தோள்ல விழுந்துச்சு, அதுக்கும் சேர்த்துப் போயிடுமா?" பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் பல்லி விழும் பலன் என்று தலை, நெற்றி, தோள், தொடை எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு பதில் சொல்வேன். நான் கதை சொல்கிறேனா, மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேனா என்று எனக்கே சலித்துப்போனது.

மாற்றம் வந்தது ஒரு விலங்கியல் பேராசிரியரால். ஓய்வு பெற்றவர், குடும்பத்தோடு வந்திருந்தார். நான் வழக்கம்போல, "பல்லி விஷம் இல்லீங்களா, பெருமாளுக்கு விஷத் தண்ணி கொண்டுவந்தா முனிவருக்குக் கோபம் வராதா?" என்றேன். அவர் மற்றவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. தனியாக வந்து, "தம்பி, நம்ம வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அசுத்தம்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கிருமி இருக்கும். விஷம்னு சொல்லாதீங்க" என்றார். பிறகு பத்து நிமிடம் பல்லியைப் பற்றியே பேசினார். அதற்கு இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கித்தான் துடைத்துக்கொள்ளும் என்றார். விரலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருப்பதால்தான் கண்ணாடியில்கூட நிற்கிறது, பசை ஏதும் இல்லை என்றார். துரத்தினால் வாலை விட்டுவிட்டு ஓடும், விட்ட வால் துடித்து எதிரியை ஏமாற்றும், இதற்கு வேறு வால் முளைக்கும். கடைசி விஷயம் எனக்கும் தெரிந்ததுதான். இமை விஷயம் தெரியாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விஷம் இல்லை என்றால் அந்தப் பையன்கள் செய்த தப்புதான் என்ன? குடத்துக்குள் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். பாவுக்குப் போடக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியை ஆறவைத்திருந்தார்கள். "டேய், குண்டானை மூடினியா?" என்று ஆயா உள்ளேயிருந்து கேட்டாள். "மூடிட்டேன்" என்றேன். மூடவில்லை. பட்டுப் பாவைத் தெருவில் இழுத்துக் கட்டி, ஆட்கள் எல்லாம் வந்து நின்ற பிறகு பார்த்தால் கஞ்சியில் பல்லி மிதக்கிறது. கஞ்சியைக் கொட்டி, மறுபடி உலை வைத்துக் காய்ச்சி ஆறவைப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. அன்றைய வேலை போச்சு. அப்பா அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதற்கு அடித்திருக்கலாம். அன்று ராத்திரிதான் ஆயா முதன்முதலாகக் கௌதமர் கதையைச் சொன்னாள். எனக்காகச் சொன்னதுதான் என்று அப்போதே புரிந்தது. வரதராஜர் கோயில் பல்லியைவிட அந்தக் கஞ்சிப் பல்லிதான் ரொம்ப நாள் கனவில் வந்தது.

சரி, பல்லியே கதை சொன்னால் எப்படி இருக்கும்? இதற்கு வழி எங்கள் பக்கத்துக் கூத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றி திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும் ஊர்களில் விடிய விடியக் கட்டைக்கூத்து ஆடுவார்கள். வேஷக்காரர் நேராகச் சபைக்கு வந்துவிட மாட்டார். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், சலங்கை கேட்கும். கட்டியக்காரன் யார் எவர் என்று விசாரிப்பான். வேஷம் தன் பேர், குலம், பெருமை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வரும். துரியோதனன் வந்தால்கூட அவன் பக்கத்து நியாயத்தை அவன் வாயாலேயே கேட்டாக வேண்டும். அதைக் கேட்டுவிட்டுப் படுகளத்தில் அவனுக்காக அழுகிற கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். துரியோதனனுக்கு உள்ள உரிமை பல்லிக்கு இருக்கக் கூடாதா?

முதல் தடவை சொன்னபோது இடத்தில் தப்பு செய்தேன். பல்லிக்குக் கீழேயே நின்று ஆரம்பித்துவிட்டேன். பின்னால் வரிசை நின்றுபோய், யார் யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே மேலே ஏறித் தொட்டுவிட்டு இறங்கத்தான் நேரம் உண்டு. அதனால் இப்போது நூற்றுக்கால் மண்டபத்திலேயே, கல் சங்கிலியைக் காட்டி முடித்ததும், வடக்கே அனந்தசரஸ் குளம் தெரிகிற மாதிரி உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். குளம் இருந்தால் அத்தி வரதரும் பேச்சில் வந்துவிடுவார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரிலிருந்து வெளியே வருகிறவர். 1979-ல் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன், 2019-ல் ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து 48 நாள் ஊரே திணறியபோது மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்த 48 நாளும் பல்லிக் கதையை ஒருவரும் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.

நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும். கட்டியக்காரன், பல்லி இரண்டும் நானே.

"யாருய்யா அது, தலைகீழா தொங்குறது?"

"தலைகீழா நிக்கிறது நீ. நான் நேராத்தான் இருக்கேன். பேரைக் கேக்காத, புஸ்தகத்துக்குப் புஸ்தகம் வேற போட்டிருக்கான். ரெண்டு பேர் நாங்க, அண்ணன் தம்பி. விடியறதுக்கு முன்னாடி தீர்த்தம் எடுக்கப் போனோம். இருட்டு. அண்ணன் பார்த்திருப்பான்னு நான் நினைச்சேன், தம்பி பார்த்திருப்பான்னு அண்ணன் நினைச்சான். குடத்தைக் கொண்டுவந்து வெச்சோம். குரு உள்ளே பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு மன்னிப்பு கேக்கலாம்னு பார்த்தேன். மூட முடியல. இமையைக் காணோம். முதல்ல போனது அதுதான். கௌதமர் ரொம்பப் படிச்சவர், சாபத்தைக்கூடப் பொருத்தமாத்தான் கொடுப்பார். பார்க்காம விட்டவனுக்கு இனிமே பார்த்துக்கிட்டே இருக்கிற கண்ணு.

"நாலு காலை வெச்சுக்கிட்டுக் காஞ்சிக்கு நடந்தோம். பகல்ல காக்கா, ராத்திரியில பூனை. ஒரு வீட்டுல பூனை துரத்துச்சு, வாலை விட்டுட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தா வால் அங்கேயே துடிக்குது. பூனை அதைத்தான் பார்த்துக்கிட்டு நிக்குது. அண்ணனைத் தேடிச் சத்தம் கொடுத்தேன். கீழே ஒரு அம்மா பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டு இருந்தா. 'பாரு, பல்லி சொல்லுது, நல்ல இடம்தான்'னு தரையைத் தட்டி, 'கிருஷ்ணா கிருஷ்ணா'ங்கறா. நான் சொன்னது 'அண்ணா எங்க இருக்கே'ன்னு. அந்தக் கல்யாணம் நடந்துச்சா, நல்லா இருக்காங்களா, எனக்குத் தெரியாது. என் மேல பழி போடாதீங்க.

"வந்து சேர்ந்தோம். பெருமாள் மனசு இரங்கினார். உசுரு ரெண்டும் மேலே போயிடுச்சு, உடம்பு ரெண்டும் இங்கேயே நின்னுடுச்சு. அவர் முகத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தோம். கிடைச்ச இடம் பின்பக்கம். நீங்க இருபத்துநாலு படி ஏறி ஒரு நிமிஷம் பார்க்கறீங்களே, அந்த முகத்தை நான் இங்கேயிருந்து பார்த்ததில்ல. நான் பார்க்கறது கை. கைதான் வரும். வளையல் போட்ட கை, சாயம் ஏறின கை, குழந்தைக் கை. முகம் வேற பக்கம் திரும்பியிருக்கும்.

"உசுரு போயிடுச்சுன்னா இப்ப பேசறது யாருன்னு கேக்கறீங்களா? வால்தான். விட்டுட்டுப் போன வால்."

இதோடு நிறுத்திவிடுவேன். தோஷம், பலன் என்று ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை. வேண்டியவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இதில் புராணம் எது, என் கைச்சரக்கு எது என்று கேட்டால் மறைக்காமல் சொல்வேன். சாபம், விமோசனம், உடம்பு பின்புறம் இருப்பது, சூரிய சந்திர சாட்சி எல்லாம் தலபுராணக் கதை. இமையும் வாலும் பேராசிரியர் கொடுத்தது. வரன் பேசும் அம்மா எங்கள் தெரு. முதலில் "பெருமாள் முதுகு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி ஒருத்தர், "சாமிக்கு முதுகுன்னு சொல்லாதேப்பா, கேக்க என்னவோ போல இருக்கு" என்றார். அன்றிலிருந்து பின்பக்கம். பல்லியாவது பேசுவதாவது என்று முறைத்தவர்களும் உண்டு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கிற ஊரில் பல்லி பேசினால் மட்டும் குற்றமா என்று வாய் வரைக்கும் வரும், சொல்ல மாட்டேன். அகநானூற்றுக் காலத்திலேயே, பிரிந்து போனவன் வருவானா என்று பல்லி சொல்லுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷமாகப் பல்லி நம்மிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. என்ன, நம்மைப் பற்றித்தான் பேசுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கதையை வேறு விதமாகக் கேட்பார்கள். அவர்கள் மனதில் தவளை இளவரசன் இருப்பான். "கடைசியில் மனிதர்களாக மாறினார்களா?" என்பார்கள். மாறவில்லை என்றால் ஏமாற்றமாக இருக்கும். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட தொகுப்பின் முதல் கதையே அதுதான். அதில் அந்தப் பெண் தவளையை முத்தமிடுவதில்லை, கோபத்தில் சுவரில் வீசி அடிக்கிறாள், அப்போதுதான் அவன் மனிதனாகிறான். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு அம்மா எனக்கு இதைச் சொன்னபோது, எங்கள் ஊர் சுவர்ப் பல்லிகளை நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர்கள் கதையில் மிருக உடம்பு ஒரு சிறை, கடைசியில் கதவு திறக்க வேண்டும். எங்கள் கதையில் உடம்பை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், பிறகு அந்த உடம்புக்கு நாம் தங்கமும் வெள்ளியும் பூசுகிறோம்.

தமிழில் சாபம் பட்டவள் பக்கத்திலிருந்து எழுதியவர் என்றால் எனக்குத் தெரிந்து முதலில் சொல்ல வேண்டிய பெயர் புதுமைப்பித்தன். 1943-ல் வந்த 'சாபவிமோசனம்'. அதிலும் சபித்தவர் ஒரு கௌதமர்தான். விமோசனம் கிடைத்து எழுந்த அகலிகை, சீதைக்கு நேர்ந்ததைக் கேட்டு மறுபடி கல்லாகிவிடுகிறாள். கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வந்தால் பல்லிக் கதைக்குப் பிறகு இதைச் சொல்வேன். கௌதமர் கையில் அகப்பட்டவர்கள் கல்லாகவும் பல்லியாகவும் ஆகி, இரண்டும் சேர்ந்து ஒரே கோயிலுக்குள் இருப்பது போல எனக்குத் தோன்றும். கல்லில்தானே பல்லி ஊர்கிறது?

ஏன் ஒன்று தங்கம், ஒன்று வெள்ளி என்று கேட்காத கூட்டம் கிடையாது. சூரியனுக்குத் தங்கம், சந்திரனுக்கு வெள்ளி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கேட்டுவிட்டு, "ஜரிகையைப் பிரிச்சுக் காட்டேன்" என்றார். அதிலிருந்து சட்டைப் பையில் ஒரு விரல் நீளம் ஜரிகை வைத்திருக்கிறேன். நகத்தால் பிரித்துக் காட்டுவேன்: நடுவில் சாயம் ஏற்றிய பட்டு நூல், அதன்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். அண்ணன் எது, தம்பி எது, நீங்களே சொல்லுங்கள் என்பேன். சேலைக் கடைக்குப் போகும் வழியில் இது எனக்குப் பிழைப்புக்கும் உதவுகிறது, பொய் சொல்வானேன். ஆனால் யாளி, அன்னம், மயில், மாங்காய், கோபுரம் எல்லாம் நெய்த அப்பா ஒரு சேலையிலும் பல்லி நெய்ததில்லை. ஒரு தடவை கேட்டேன். "கல்யாணப் பொண்ணு மேல பல்லி விழுந்தா பலன் என்னான்னு நீதான் சொல்லணும்" என்றார்.

கதையை மாற்றியதும் கேள்விகள் மாறின. பலன் கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நடுவில், "எவ்வளவு நாள் நடந்தாங்க?", "அண்ணன் கிடைச்சானா?", "குரு அப்புறம் வருத்தப்பட்டாரா?" என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இல்லாவிட்டால் அடுத்த கூட்டம் வருவதற்குள் தயார் செய்துகொள்வேன். ஒரே ஒரு கேள்விதான் என்னை மடக்கியது.

டொரான்டோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். எட்டு வயது இருக்கும் பெண் குழந்தை, முழுக் கதையையும் வாயை மூடாமல் கேட்டது. வால் வரைக்கும் சொல்லி முடித்தேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அது எழவில்லை.

"அங்கிள், குடத்துக்குள்ள இருந்த பல்லிக்கு என்ன நடந்தது?"

நான் விழித்தேன். ஆயா சொன்னபோது நான் கேட்காத கேள்வி. கஞ்சிக் குண்டானில் மிதந்ததை வெளியே எறிந்தது யார் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமாகப் பல்லி வாயால் கதை சொல்கிறேன் என்று பெருமைப்பட்டவன், பல்லி வேஷம் போட்ட இரண்டு மனிதர்களின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சாபமே படாத ஒரு நிஜப் பல்லி கதையின் முதல் வரியிலேயே தண்ணீரில் கிடக்கிறது.

"அது தண்ணி குடிக்க வந்திருக்கும்மா" என்றேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"செத்துப் போச்சோ?"

"செத்துப்போச்சுன்னும் சொல்றாங்க. குதிச்சு ஓடிடுச்சுன்னும் சொல்றாங்க."

"ஓடினதெண்டே சொல்லுங்கோ" என்றது.

மேலே போனோம். வரிசை நகர்ந்தது. அப்பா குழந்தையைத் தூக்கிப் பிடிக்க, தங்கத்தையும் வெள்ளியையும் தொட்டது. சூரிய சந்திரரைப் பார்த்தது. பிறகு கழுத்தை வளைத்து விதானம் முழுக்கப் பார்க்க ஆரம்பித்தது. பின்னால், "நகருங்க, நகருங்க" என்று குரல்.

"என்னம்மா தேடுறே?" என்றேன்.

"மற்றதை."

மூலையில் டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. வால் பாதிதான் இருந்தது, புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. பூச்சி ஒன்றைப் பார்த்தபடி அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலைக் காட்டினேன். வரிசை எங்களைத் தள்ளிக்கொண்டு போகும்வரை குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.